ஆற்றில் இட்டது

எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் இந்தக் கதை தெரியாமல் இருக்காது. சுந்தரர் திருமுதுகுன்றத்துக்கு வருகிறார். இன்றைய விருத்தாசலம்தான் அது. பழமலைநாதரைப் பாடி 12,000 பொன் பெறுகிறார். அவ்வளவையும் சுமந்துகொண்டு திருவாரூர் போக முடியாது. மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்கிறார் இறைவன். போடுவதற்கு முன்னால் சுந்தரர் ஒரு காரியம் செய்கிறார். பொன்னில் சிறு துண்டு ஒன்றை வெட்டிக் கையில் வைத்துக்கொள்கிறார். மச்சம் என்பார்கள் அதை. கமலாலயக் குளத்தில் இறங்கித் துழாவி எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு வைத்து உரைத்தால் மாற்றுக் குறைகிறது. மறுபடி பாடுகிறார். பிறகு இரண்டும் ஒத்துப்போகின்றன.

சின்ன வயதில் எனக்குப் பொன் நிலத்தடியில் பயணம் போனது பிடித்திருந்தது. இப்போது அந்த மச்சத்தைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். அதற்குக் காரணம் என் தாய்மாமா.

மாமா 30 ஆண்டுகளுக்கு மேல் பீங்கான் வேலை பார்த்தவர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண் எங்கள் ஊருக்கு ஒரு தொழிலைக் கொடுத்தது. பியூஸ் கட்டை, மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர், கொலுப் பொம்மை, அகல் விளக்கு என்று இங்கே சூளையில் வேகாத பொருள் குறைவு. செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்வி நிலையம் இங்கே இருக்கிறது. மாமா படித்தவரில்லை. ஆனால் சூளையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன சூடு என்று சொல்லிவிடுவார்.

2017-ல் வாசலில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார்கள். நன்றாகத்தான் முடிந்தது. எட்டாம் நாள் குளிர்க்காய்ச்சல் வந்தது. சிறுநீருக்குப் போட்டிருந்த குழாய் வழியே கிருமி ஏறி, ரத்தத்தில் கலந்துவிட்டது. கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தபோது நான் ஐ.சி.யு. வாசலில் நின்றிருந்தேன். கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா நிமோனியே. கீழே மருந்துப் பெயர்கள் வரிசையாக. அமிகாசின் எதிரே ஆர். செஃப்ட்ரையாக்சோன் எதிரே ஆர். பிப்பராசிலின், ஆர். மெரோபெனம், ஆர். கேட்காது என்பதற்கான எழுத்து அது. தாளின் அடிவரை அதே எழுத்து. கடைசிக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு எஸ்.

"கோலிஸ்டின் ஒண்ணுதாங்க கேக்குது" என்றார் டாக்டர். "பழைய மருந்து. கிட்னியப் பாத்துப் பாத்துத்தான் குடுக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "இது வீட்லேர்ந்து கொண்டுவந்த கிருமி இல்லைங்க, இங்க புடிச்சதுதான்" என்றும் சொன்னார். அதைச் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அத்தை அந்தத் தாளை வாங்கி விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். "ஏம்ப்பா, இத்தனை மருந்தும் இருந்தும் இல்லாத மாதிரியா?" என்று என்னைக் கேட்டார்.

இன்னொரு சோதனையில் அந்தக் கிருமியின் கையில் இருந்த ஆயுதத்தின் பெயர் தெரிந்தது: என்.டி.எம். விரித்தால் நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ். நம் நாட்டுத் தலைநகரின் பெயர் ஒரு கிருமியின் ஆயுதத்துக்கு எப்படி வந்தது என்று அன்றிரவு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

முதலில் அந்த ஆயுதம் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பியூஸ் கட்டையை வைத்தே சொல்லலாம். பீங்கான் எவ்வளவு கனமாக இருந்தாலும் மின்சாரம் ஓடுவது நடுவில் கட்டியிருக்கும் மெல்லிய கம்பியில். பென்சிலினும் அப்படித்தான். மூன்று கார்பன், ஒரு நைட்ரஜன் சேர்ந்த ஒரு சின்ன நாற்கோண வளையம் அதன் நடுவில் இருக்கிறது. பீட்டா லாக்டம் வளையம் என்று பெயர். இழுத்துக் கட்டிய கம்பிபோல் விறைப்பாக இருக்கும் அந்த வளையம்தான் கிருமியின் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. வளையத்தை அறுத்துவிட்டால் மருந்து பார்வைக்கு மருந்தாகவே இருக்கும், வேலை செய்யாது. இப்படி அறுக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவிடம் இருப்பதை ஆபிரகாமும் செயினும் 1940-லேயே எழுதிவிட்டார்கள். பென்சிலின் உலகத்து மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே.

அதன்பின் நடந்தது முழுக்க இந்தக் கம்பியைக் கெட்டிப்படுத்தும் முயற்சி. செஃபலோஸ்போரின்கள் தலைமுறை தலைமுறையாக வந்தன. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் கேட்லியா என்ற நுண்ணுயிரிடமிருந்து 1976-ல் தியெனமைசின் கிடைத்தது. அதிலிருந்து பிறந்த இமிபெனம் 1985-ல் மருத்துவத்துக்கு வந்தது. கார்பபெனம் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. மெரோபெனம் அதன் தம்பி. பெரும்பாலான நொதிகளால் அறுக்க முடியாத கம்பி. அதனால்தான் உலகமெங்கும் டாக்டர்கள் இதைக் கடைசிக்கென்று எடுத்து வைத்தார்கள். என்.டி.எம். தன் வாயில் இரண்டு துத்தநாக அயனிகளை வைத்துக்கொண்டு அந்தக் கம்பியையும் அறுக்கிறது. பீங்கான் மெருகில் சேர்க்கிற அதே துத்தநாகம். மாமா பிற்பாடு இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

இப்போது அந்தப் பெயர் பிறந்த கதை.

2007 நவம்பரில் ஸ்வீடனில் வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளிக்காரர் ஒருவர் இந்தியாவுக்கு வந்தார். வயது 59. நீரிழிவு உண்டு, பக்கவாதமும் வந்திருந்தது. டிசம்பரில் பிட்டத்தில் பெரிய சீழ்க்கட்டி. லூதியானாவில் சேர்த்தார்கள், பிறகு டெல்லியில் ஆபரேஷன் நடந்தது. 2008 ஜனவரியில் ஸ்வீடன் திரும்பி ஓரேப்ரோ நகர மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே அவர் சிறுநீரில் வளர்ந்த கிளெப்சியெல்லா, கார்பபெனத்துக்கு அசையவில்லை. அந்தக் கிருமியை ஆராய்ந்த குழுவில் கொரியாவின் டாங்கியூன் யோங், வேல்ஸ் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் மார்க் டோல்மன், திமொதி வால்ஷ், ஸ்வீடனின் கிறிஸ்டியன் ஜிஸ்கெ ஆகியோர் இருந்தார்கள். 2009 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் புதிய மரபணுவுக்கு என்.டி.எம்.-1 என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் கட்டுரையில் என்னை உலுக்கியது பெயரல்ல. அதே நோயாளியின் மலத்தில் எடுத்த ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவிலும் அதே மரபணு இருந்தது. கிளெப்சியெல்லா வேறு இனம், ஈ.கோலை வேறு இனம். ஆனாலும் இரண்டிலும் ஒரே பொன். கிளெப்சியெல்லாவில் அது 1,80,000 எழுத்து நீளமுள்ள ஒரு மரபு வளையத்தில் இருந்தது, ஈ.கோலையில் 1,40,000 எழுத்து வளையத்தில். பிளாஸ்மிட் என்று சொல்கிற இந்த வளையங்களை பாக்டீரியாக்கள் பக்கத்தில் இருப்பவற்றுக்குப் படியெடுத்துக் கொடுத்துவிடுகின்றன. பெற்ற பிள்ளைக்கு மட்டுமல்ல, அண்டை வீட்டுக்காரனுக்கும், வழிப்போக்கனுக்கும். அந்த மனிதரின் குடலுக்குள்ளேயே இந்தக் கைமாற்றம் நடந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். ஆற்றில் இட்டது குளத்தில் கிடைத்தது. எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கையில் ஒரு மச்சம் இருந்தது.

அந்த நோயாளி அதன் பிறப்பிடம் அல்ல. முதன்முதலில் அடையாளம் கண்ட இடம், அவ்வளவே. பழைய சேமிப்பில் இருந்த கிருமிகளைத் தேடிப் பார்த்தபோது 2006-ல் டெல்லி, மும்பை, புனே மருத்துவமனைகளில் எடுத்தவற்றிலேயே அது இருந்தது தெரிந்தது. இன்னும் பின்னால் போனால் கதை வேறு மாதிரி. 2012-ல் டோல்மனும் வால்ஷும் சகாக்களும் இந்த மரபணுவை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தார்கள். அதன் முதல் 19 எழுத்துகள் அதற்குச் சொந்தமில்லை. அமிகாசின் போன்ற மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் வேறொரு மரபணுவின் தலைப்பகுதி அது. எங்கிருந்தோ வந்த ஒரு துத்தநாக நொதியின் உடம்பில் இந்தத் தலை ஒட்டியிருக்கிறது. அசினெட்டோபாக்டர் என்ற கிருமிக்குள் இந்த ஒட்டு நடந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அசினெட்டோபாக்டரை ஐ.சி.யு. செவிலியர் எல்லோருக்கும் தெரியும். வெண்டிலேட்டர் குழாயிலும் கட்டில் கம்பியிலும் காய்ந்து கிடந்து நாள்கணக்கில் உயிரோடிருக்கும் கிருமி அது. உடைந்த இரண்டு பொம்மைகளின் துண்டுகள் ஒரே சூளையில் உருகி ஒட்டிக்கொண்டால் எப்படியோ, அப்படி. இங்கே சூடு என்பது மருந்து. இரண்டு வகை மருந்தும் திரும்பத் திரும்ப விழுந்த இடத்தில்தான் இப்படிப்பட்ட ஒட்டுக்குப் பிழைக்க வழி உண்டு.

சென்னை இந்தக் கதைக்குள் வருவது 2010-ல். தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி, கார்டிஃப் குழுவோடு சேர்ந்து எழுதிய கட்டுரை ஆகஸ்டு மாதம் லான்செட் குடும்பத்தைச் சேர்ந்த தொற்றுநோய் இதழில் வந்தது. சென்னையில் 44 கிருமிகள், ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73. எல்லாவற்றிலும் என்.டி.எம்.-1. பிரிட்டனில் அகப்பட்ட 29 நோயாளிகளில் குறைந்தது 17 பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்துபோனவர்கள்.

நாடே கொதித்தது. நாடாளுமன்றத்தில் பேசினார்கள். வெளிநாட்டு நோயாளிகள் இங்கே சிகிச்சைக்கு வருவதைக் கெடுக்கும் சதி என்றார்கள். டெல்லியின் பெயரை ஏன் வைத்தாய் என்பதே கேள்வியாக இருந்தது. அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. நம் ஊர்ப் பெயரை ஒரு நோய்க்கு வைத்தால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் இந்த வகை நொதிகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பது அதற்கு முன்பே வழக்கம். வி.ஐ.எம். என்பதன் முதலெழுத்து இத்தாலியின் வெரோனா. எஸ்.பி.எம். என்பது சாவ் பாவ்லோ. எஸ்.ஐ.எம். சியோல். 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் பெயருக்காக வருத்தம் தெரிவித்தார். பெயர் மாறவில்லை. கிருமியும் காத்திருக்கவில்லை. பெயர்ச் சண்டையில் நாம் கழித்த மாதங்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. மும்பை இந்துஜா மருத்துவமனை டாக்டர்கள் லான்செட் கட்டுரைக்கு ஐந்து மாதம் முன்பே, 2010 மார்ச்சில், தங்களிடம் வந்த கார்பபெனம் கேட்காத 24 கிருமிகளில் 22-ல் என்.டி.எம்.-1 இருப்பதாக நம் நாட்டு மருத்துவர் சங்க இதழிலேயே எழுதியிருந்தார்கள். அதே இதழில் சென்னையைச் சேர்ந்த தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் எழுதிய தலையங்கம் ஆன்டிபயாடிக்குகளின் மரணத்துக்கு ஓர் இரங்கல் செய்தி. வெளிநாட்டுக்காரன் சொல்லி நமக்குத் தெரிந்தது என்பது உண்மையில்லை. நம்மவர்கள் சொன்னார்கள், நாம்தான் காது கொடுக்கவில்லை.

2011 ஏப்ரலில் வால்ஷ் குழு இன்னொரு கட்டுரை வெளியிட்டது. முந்தைய ஆண்டு டெல்லியின் தெருக்களில் தேங்கிக் கிடந்த கசிவுநீரில் 171 மாதிரிகளும் குடிநீர்க் குழாய்களில் 50 மாதிரிகளும் எடுத்திருந்தார்கள். கசிவுநீரில் 51-ல் அந்த மரபணு. குடிநீரில் 2-ல். காலரா கிருமியிலும் அது ஏறியிருந்தது. பிளாஸ்மிட் கைமாறுவதற்கு மிகவும் ஒத்துவந்த வெப்பநிலைகளில் ஒன்று 30 டிகிரி. நம் ஊரில் வருடத்தில் எத்தனை மாதம் சாக்கடை நீர் அந்தச் சூட்டில் இருக்கும் என்று யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தது ஆஸ்பத்திரிச் சுவருக்குள் நிற்கும் என்று நம்பியிருந்த எனக்கு, இந்த எண்களைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

பீங்கான் ஊர்க்காரனாக இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிருமியை மனிதன் மறித்து நிறுத்தியதில் பீங்கானுக்கும் பங்கு உண்டு. பாஸ்டரின் ஆய்வகத்தில் இருந்த சார்லஸ் சேம்பர்லாண்ட் 1884-ல் மெருகிடாத பீங்கானில் மெழுகுவத்தி வடிவில் ஒரு வடிகட்டி செய்தார். அதன் நுண்துளை வழியே தண்ணீர் போகும், பாக்டீரியா போகாது. ஆபரேஷன் கருவிகளை நீராவியில் அவிக்கும் ஆட்டோகிளேவும் அவர் கைவேலைதான். இன்றும் ஆஸ்பத்திரிக் கைகழுவும் தொட்டி மெருகிட்ட பீங்கான். துடைத்தால் அதில் எதுவும் ஒட்டாது. சிக்கல் அதற்குக் கீழே. தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கும் வளைகுழாயில் கிருமிகள் பாசிபோல் படலம் கட்டிக் குடியிருக்கின்றன. மிச்சம் கொட்டிய டிரிப்ஸ் மருந்து, நோயாளியின் வாய் கழுவிய நீர் எல்லாம் சேரும் இடம் அது. குழாயை வேகமாகத் திறந்தால் துளி தெறித்து மேலே வருகிறது. வார்டில் பரவிய தொற்றின் வேரைத் தேடிப் போனவர்கள் கடைசியில் இந்தத் தொட்டிக் குழாயில் போய் முட்டிய சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

சென்னையில் இன்னொன்றும் பிறந்தது. அதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை. 2012 ஆகஸ்டு 24 அன்று இந்தியாவின் பல மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் சென்னையில் கூடினார்கள். ஒருங்கிணைத்தவர் அப்துல் கஃபூர். அங்கே உருவான ஆவணத்துக்குச் சென்னைப் பிரகடனம் என்று பெயர். டெல்லியின் பெயர் ஒரு நோய்க்குறியில் போனது, சென்னையின் பெயர் அதற்கான மருந்துச்சீட்டில் வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. எனக்கு அந்த ஆவணத்தில் பிடித்தது அதன் நிதானம். டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த ஆன்டிபயாடிக்கும் விற்கக்கூடாது என்று ஒரே நாளில் உத்தரவு போட்டால், டாக்டரே இல்லாத கிராமத்தில் நிமோனியா வந்த குழந்தை என்ன செய்யும் என்று அவர்கள் யோசித்தார்கள். ஆகவே முதலில் கடைசிக்கட்ட மருந்துகளைப் பூட்டுவோம், பிறகு படிப்படியாகப் போவோம் என்றார்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் தொற்றுக்கட்டுப்பாட்டுக் குழு வேண்டும் என்றார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு மத்திய அரசு எச்1 என்ற புதிய பட்டியலை அறிவித்தது. 46 மருந்துகள். கார்பபெனங்கள் அதில் உண்டு. 2014 மார்ச் 1 முதல் நடைமுறை. இந்த மருந்தை விற்றால் மெடிக்கல் கடைக்காரர் சீட்டு எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2019-ல் கோழிக்கும் கால்நடைக்கும் கோலிஸ்டின் கொடுப்பதையும் தடை செய்தார்கள். மாமாவைக் காப்பாற்றிய அந்த ஒற்றை எஸ், அதுவரை கோழிகள் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று தீவனத்தில் கலக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இதை அறிந்த நாளில் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இட்டது எங்கெல்லாம் எடுக்கப்பட்டது என்று பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 70 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி இறந்தார். இந்தியாவில் தொடை எலும்பு முறிந்து பலமுறை மருத்துவமனையில் இருந்தவர். அவர் உடலில் இருந்த கிளெப்சியெல்லா, அங்கே கிடைத்த 26 ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றுக்கும் பணியவில்லை. அதனிடமும் என்.டி.எம். இருந்தது. மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நார்வேக்கு வடக்கே, வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2013-ல் எடுத்த மண்ணிலும் அந்த மரபணு இருந்தது என்று 2019-ல் ஒரு கட்டுரை வந்தது. அங்கே விவசாயம் இல்லை, பெரிய ஊர் இல்லை. பறவையோ, மனிதனோ யாரோ சுமந்துபோயிருக்கிறார்கள். மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்களால் நேரடியாக உலகில் 2019-ல் மட்டும் 12.7 லட்சம் பேர் இறந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள்.

மாமா 41-ம் நாள் வீடு திரும்பினார். சிறுநீரகம் மட்டும் பழையபடி திரும்பவில்லை. கோலிஸ்டின் தன் கூலியை எடுத்துக்கொண்டது. சூளைப் பக்கம் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீயைப் பார்த்துவிட்டு வருவார், அவ்வளவுதான் முடிந்தது.

டிஸ்சார்ஜ் செய்த அன்று அந்த டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். காய்ச்சல் போய்விட்டாலும் கிருமி குடலில் ஓர் ஓரமாகத் தங்கியிருக்கலாம். இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதைச் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் தனியாக வைத்துப் பார்ப்பார்கள், பக்கத்துக் கட்டிலுக்குப் போகாது என்று. அத்தை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கடைத்தெருவில் லேமினேட் செய்து மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். பல் டாக்டரிடம் போனாலும் சரி, கண் பரிசோதனை முகாமுக்குப் போனாலும் சரி, உட்காருவதற்கு முன்னால் அதை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார்.

"இதப் பாத்துட்டு அப்புறம் அவரத் தொடுங்க சார்."